பொம்மை வீட்டின் நீலக் கதவு

குவைத்திலிருந்து அம்மா எனக்கு ஒரு வீட்டை அனுப்பினாள். விடுமுறையில் ஊருக்கு வந்த சாந்திபுரத்து அக்கா ஒருத்தி, சோப்புக்கட்டிகளுக்கும் கம்பளிக்கும் நடுவில் வைத்து அதைக் கொண்டுவந்து சித்தூரில் எங்களிடம் கொடுத்தாள். அவளும் அம்மாவைப் போலவே அங்கே வீட்டுவேலை செய்பவள். அம்மா இருந்த தெருவுக்கு அடுத்த தெரு.

அட்டைப்பெட்டியின் மூடியில் ரோஸ் நிறச் சுவரும் நீலக் கூரையுமாக ஒரு மாடி வீடு இருந்தது. உள்ளே அப்படி ஒன்றும் இல்லை. நாலைந்து மெல்லிய பலகைகள், அவற்றில் சுவர், கூரை, படிக்கட்டு, கதவு என்று எல்லாவற்றுக்கும் வெட்டுக்கோடு. விரலால் அழுத்தினால் துண்டுகள் கழன்று வரும். ஒன்றின் முனையை இன்னொன்றின் துளையில் செருகிப் பசை தடவினால் வீடு. நிறம் மட்டும் நம்முடைய பாடு. இங்கிலீஷிலும் அரபியிலும் இருந்த தாளை நான் எழுத்துக்கூட்டிப் படித்ததில் 'ப்ரைமர்' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பிறகும் எட்டாவதைத் தாண்டவில்லை என்பதால், இன்று படித்தாலும் பெரிதாக மாறியிருக்காது.

அம்மா வெள்ளிக்கிழமை தோறும் மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசுவாள். பெட்டி வந்த வாரம் பேசும்போது, "நைனாகிட்ட சொல்லி நல்லா பெயிண்ட் அடிச்சி வையிடி. லீவுக்கு வந்து பாக்கறேன்" என்றாள். அதுதான் கடைசி. அடுத்த வெள்ளி போன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவும் நானும் பூத்தின் முக்காலிகளில் நாலு மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம்.

"அந்தூர்ல லைன் அறுந்துபோச்சாம் பாப்பா. தோண்டிக்கினு கீறாங்களாம்" என்றார் நைனா.

நம்பிவிட்டேன். எங்கள் தெருவிலும் அப்போது கேபிளுக்காக எந்நேரமும் எதையாவது தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். குவைத்திலும் தோண்டுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அந்த வாரமே நைனா, "வா, திருப்பதிக்குப் போயி உன் வூட்டுக்குப் பெயிண்ட் வாங்கலாம்" என்றார். நைனாவுக்கு வெல்ல மண்டியில் மூட்டை தூக்கும் வேலை. பொங்கலுக்கு மாட்டுக்கொம்பில் வர்ணம் பூசியதைத் தவிர அவர் கையில் பிரஷைப் பிடித்து நான் பார்த்ததில்லை. நாமக்கட்டிக்குக்கூடத் திருப்பதி போகாத ஆள், பொம்மை வீட்டுக்காக இரண்டு மணிநேரம் பஸ்ஸில் போகலாம் என்கிறார்.

அடுத்த வீட்டிலிருந்த அத்தை, நைனாவின் அக்கா, வாசலில் நின்று கேட்டாள். "ஏண்டா, சித்தூர்ல பெயிண்ட்டே இல்லியா?"

"இங்க லாரிக்கு அடிக்கறதுதான் கிடைக்கும். சின்ன டப்பா அங்கதான்."

"பொண்டாட்டி இன்னா ஆனான்னு தெரில. இவுரு பொம்ம வூட்டுக்குக் கலரு தேடிக்கினு போறாரு."

நைனா அவளை ஒரு பார்வை பார்த்தார். அத்தை உள்ளே போய்விட்டாள். நான் சட்டைப்பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்குமா என்பதுதான் என் கவலை.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் இருந்தது அந்தப் பெயிண்ட் கடை. கடைக்காரர் தெலுங்கர்; எங்களைப் போன்றவர்களுக்காகத் தமிழும் பேசுவார். நைனா என்னை ஒரு டப்பாவின்மேல் உட்காரவைத்து, "பாப்பா கலர் பாத்துக்கினு இருக்கட்டும். நான் போயி பிரஷ் வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டிடத்தின் மாடிப்படியில் ஏறிப் போனார்.

என் தலைக்கு நேர்மேலே ஒரு கயிற்றில் பிரஷ்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. சின்னது, பெரியது, விரல் அகலம், சாண் அகலம்.

"பிரஷ் இங்கியே கீதே" என்றேன்.

கடைக்காரர் மேலே பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார், பிறகு கலர் அட்டையை எடுத்து என் மடியில் வைத்தார். "மீ நைனாக்கு வேற பிரஷ் வேணும்மா. நீ கலர் சூடு, பாரு."

நல்ல மனுஷன். அரைமணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினார். ப்ரைமர் என்பது அடியில் பூசுவது. அது இல்லாமல் அடித்தால் பலகை பெயிண்டைக் குடித்துவிடும். மரத்துக்கு வெள்ளை ப்ரைமர். ரெட் ஆக்சைடு என்கிற சிவப்பு, இரும்புக்கு மட்டும். நான் மனப்பாடம் செய்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் எதுவும் அவ்வளவு சீக்கிரம் என் மண்டையில் ஏறியதில்லை.

நைனா வெறுங்கையோடு இறங்கி வந்தார். கண் எங்கேயோ இருந்தது. எதிரில் இருந்த டப்பாவைக் காட்டி, "அதக் குடு" என்றார். ரெட் ஆக்சைடு.

"நைனா, அது இரும்புக்கு! கட்டைக்கு வெள்ளதான் அடிக்கணும்."

"எல்லாம் ஒண்ணுதான் வா."

"பிரஷ் எங்க?"

"அடுத்த வாட்டி."

எங்கள் ஊரில் எல்லா கேட்டும் எல்லா ஜன்னல் கம்பியும் அந்தச் சிவப்பில்தான் ஆரம்பிக்கும். அவர் கண்ணில் பட்டதும் கையில் வந்ததும் அதுதான். பஸ்ஸில் நான் சித்தூர் வரும்வரை அவரோடு பேசவில்லை. அவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் வீட்டைக் கட்டத் தொடங்கினோம். தாளில் போட்டிருந்த படங்களின்படி முதலில் துண்டுகளுக்குத் தனித்தனியாக நிறம் பூச வேண்டும். கதவை மாட்டுவது கடைசிப் படம். நான் விரலால் படங்களைக் காட்டினேன். நைனா ஒப்புக்கொள்ளவில்லை.

"வாசல் நில வெக்காம எவனாவது வூடு கட்டுவானா? குவைத்துக்காரனுக்கு இன்னா தெரியும்?"

அவர் பஞ்சாங்கம் பார்த்து வந்தார். வியாழக்கிழமை காலை, நல்ல நேரத்தில், விரல் நீளமே இருந்த அந்த வாசற்காலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு மாங்கொழுந்தைக் கிள்ளி நூலில் கட்டி, கிழக்குப் பார்த்து நிறுத்தினோம். அத்தை சிரிப்பதற்காகத்தான் வந்தாள். ஆனால் நைனா அந்தக் குட்டி வாசலின் முன்னால் கற்பூரம் ஏற்றிக் கையெடுத்துக் கும்பிட்டு, கண்ணைத் திறக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் கும்பிட்டாள். கற்பூரம் அணைந்தால் பசை தடவலாமே என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியாக, கதவை மாட்டிய பிறகு வீட்டுக்கு ப்ரைமர் அடித்தோம். பிரஷ் இல்லாததால் பழைய பல் பிரஷால். வீடு சிவப்பாகி, தண்ணீர்த் தொட்டி மூடி மாதிரி ஆனது. கதவு கொஞ்சம் இறுக்கமாகத் திறந்தது.

இரண்டாவது முறை திருப்பதி போனபோதும் அதே கடை, அதே டப்பா, "பிரஷ் வாங்கியாறேன்." இந்த முறை உடனே திரும்பி வந்தார். மேலே பூட்டியிருந்ததாம். "பிரஷ் கடைக்கு லீவா?" என்று கேட்டேன். "ஆமா, லீவு" என்றார். நான் சுவருக்கு க்ரீம் நிறம் எடுத்தேன். ரோஸ்தான் ஆசை, ஆனால் சிவப்பின்மேல் ரோஸ் அடித்தால் புண் மாதிரி இருக்கும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். க்ரீமும் சுலபத்தில் பிடிக்கவில்லை. சிவப்பு உள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பூசி அதை அடக்க வேண்டியிருந்தது. வெள்ளை ப்ரைமர் வாங்கியிருந்தால் ஒரு பூச்சில் முடிந்திருக்கும் என்று நான் நைனாவிடம் தினம் ஒருமுறை சொன்னேன். அத்தையிடமும் சொன்னேன். பூத்துக்காரரிடமும் சொன்னேன். போன் வராத ஐந்தாவது வெள்ளிக்கிழமை அது.

மூன்றாவது முறை போனபோது நைனா மாடியில் வெகுநேரம் இருந்தார். கடைக்காரர் எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். நான் கலர் அட்டையை நாலு தரம் புரட்டி, கூரைக்கும் கதவுக்கும் நீலம் என்று முடிவு செய்த பிறகுதான் நைனா இறங்கினார். கடைசி மூன்று படிகளை இறங்கவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் கல்லாவைத் திறந்தபடி விட்டு ஓடினார். தண்ணீர் கொடுத்தார். நைனா குடித்தார், முகத்தில் ஊற்றிக்கொண்டார், பிறகு அந்த முகத்தோடு சிரித்தார்.

அந்த மாடியில் இருந்தது விசா ஏஜெண்டின் அலுவலகம். இதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்து, நானே பிழைப்புக்காக ஊர் ஊராகத் திரிய ஆரம்பித்த பிறகு, அத்தை சொல்லித் தெரிந்தது. அம்மா ஊருக்குப் போக லீவு கேட்டிருக்கிறாள். அந்த வீட்டுக்காரர்கள் அவளை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். விடுமுறை முடிந்து திரும்பிய சாந்திபுரத்து அக்கா, வழக்கமாகக் குப்பை கொட்டும் இடத்துக்கு அம்மா வருவதில்லையே என்று விசாரித்து, நம் பக்கத்து டிரைவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். திறக்கும்வரை தட்டியிருக்கிறார்கள். அம்மாவின் குரலை அன்றைக்கு ஏஜெண்டின் போனில் நைனா கேட்டுவிட்டுத்தான் இறங்கி வந்தார்.

"பிரஷ் எங்க நைனா?" என்றேன் நான்.

நைனா என்னைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார். இரண்டு பேரும் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி சிரித்தார்கள். கடைக்காரர் எம்பி, கயிற்றிலிருந்து இருப்பதிலேயே அழகான ஒரு சின்ன பிரஷை உருவி என் கையில் கொடுத்தார். "தீஸ்கோம்மா. இப்பதான் வந்துச்சு."

"மொத நாள்லேந்து இங்கதானே தொங்குது!" என்று நான் கத்தினேன். பெரியவர்களின் அறிவைப் பற்றி எனக்கு அன்றைக்கு ஒரு முடிவான அபிப்பிராயம் ஏற்பட்டது.

அங்கிருந்து நைனா என்னைத் திருமலைப் படிக்கட்டு தொடங்கும் அலிபிரிக்குக் கூட்டிப்போனார். முதல் படியில் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நீல டப்பாவின் மூடி சரியில்லை. அது கவிழாமல் பார்த்துக்கொள்வதில் நான் சாமியைக் கும்பிட மறந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுவதும் நைனா பாடிக்கொண்டே பெயிண்ட் அடித்தார். "அம்மா வர்றா, அழகா வெக்கணும்" என்று கதவுக்கு மட்டும் நீலத்தை இரண்டு தரம் பூசினார். காய்ந்தபோது கதவும் நிலையும் ஒன்றாகிவிட்டிருந்தன. தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. "போவுது வுடு பாப்பா. உள்ள யாரு குடியிருக்கப் போறா" என்றார் நைனா. எனக்கும் சம்மதம்தான். நீலம் கண்ணாடி மாதிரி மின்னியது.

அம்மா ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். குவைத்திலிருந்து வருகிறவர்கள் இரண்டு பெரிய பெட்டி, டேப் ரிக்கார்டர், தங்கச்சங்கிலி என்று வந்துதான் நான் பார்த்திருந்தேன். பையை எட்டிப் பார்த்தேன். ஒரு புடவை, ஒரு சீப்பு. நைனா அவள் கையை விடவே இல்லை. அத்தை அழுதுகொண்டே சோறு போட்டாள். "துன்னு மே மொதல்ல, எலும்பும் தோலுமா வந்துக்கிற" என்றாள்.

அம்மா இலைக்கு முன்னால் உட்காரப் போனவள், ஜன்னலடியில் இருந்த வீட்டைப் பார்த்து அங்கே போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் விளக்கினேன்: ப்ரைமர், மூன்று பூச்சு, நைனாவின் தப்பு. அவள் கூரையைத் தொட்டாள், ஜன்னலைத் தொட்டாள், கதவை விரலால் தள்ளினாள்.

"அது ஒட்டிக்கிச்சி" என்றேன்.

"பிளேடு எடுத்துக் குடு" என்றாள்.

"சோறு ஆறுது மே," என்றார் நைனா.

அவள் கையை நீட்டினாள். நைனா ஷேவிங் பிளேடைக் கொண்டுவந்து கொடுத்தார். கதவைச் சுற்றி இடுக்கில் நுழைத்து, மெதுவாக, மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம், அவள் அறுத்தாள். நீலம் செதில் செதிலாகப் பெயர்ந்தது. அடியிலிருந்து சிவப்பு வந்தது. கதவு டக்கென்று திறந்தது.

நான் ஓவென்று அழுதேன். "ஏம்மா கெடுத்த? ரெண்டு கோட்டு அடிச்சது!"

"கலரு போனா போவுதுடி. கதவுன்னா தொறக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் நன்றாகச் சாப்பிட்டாள். இரண்டாம் முறை சோறு வாங்கினாள். நைனா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் விடுவதாக இல்லை. மிச்சமிருந்த நீலத்தால் பெயர்ந்த இடத்தையெல்லாம் பூசி மூடினேன். காய்ந்தபோது கதவு மறுபடி ஒட்டிக்கொண்டது. அடுத்த நாள் காலை அம்மா வாசல் தெளித்துவிட்டு வந்து, பிளேடை எடுத்துத் திறந்தாள். இந்த முறை மூடிவிடாதபடி இடுக்கில் ஒரு தீக்குச்சியையும் சொருகினாள். குச்சி துருத்திக்கொண்டு அசிங்கமாக இருந்தது. பிடுங்கி எறிந்தேன். சாயங்காலம் பார்த்தால் வேறு குச்சி. அதையும் பிடுங்கினேன். மறுநாள் இன்னொன்று.

அப்படியே மாதக்கணக்கில் நடந்தது. எங்கள் இரண்டு பேரில் யாருக்குப் பிடிவாதம் அதிகம் என்று பார்க்க அம்மா விளையாடுகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்று, தீப்பெட்டியைக்கூட ஒருநாள் ஒளித்துவைத்தேன்.