பிரெஞ்சில் போட்டிருந்தால் சரியாகத்தான் இருக்கும்!

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு மாத்திரைக்குத் தண்டனை கொடுத்தோம். தீர்ப்புச் சொன்ன கூட்டத்தில் நானும் இருந்தேன். அதனால் இந்த வாரம் நான் யாரைத் திட்டினாலும் அதில் எனக்கும் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு லூர்து அக்காவுக்கு நுரையீரலில் புற்றுநோய். வயது ஐம்பத்தெட்டு. பீடி, சிகரெட் பக்கமே போனதில்லை. கீமோ இல்லை, மாத்திரைதான். புற்றுசெல்லுக்கு ‘வளரு, வளரு’ என்று உத்தரவு போடும் சிக்னலை மட்டும் குறிவைத்து அடைக்கிற புது ரக மாத்திரை. இங்கே டாக்டர் எழுதிக்கொடுக்க, பிரான்ஸில் இருக்கும் மகன் அனுப்பிவைக்கிறான். ரெண்டே மாதத்தில் இருமல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடந்தே போய்வந்தார். மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடம் பழையபடி சண்டை போட ஆரம்பித்தார். இதைவிட வேறென்ன ஸ்கேன் ரிப்போர்ட் வேண்டும்?

அப்போதுதான் முன்கையில் மரு மாதிரி ஒன்று வந்தது. மூன்றே வாரத்தில் கொண்டைக்கடலை அளவு. நடுவில் கொம்பு முளைத்த மாதிரி கெட்டியாக...

தெரு கூடிவிட்டது. ஒருத்தர் சுண்ணாம்பு வைக்கச் சொன்னார். இன்னொருத்தர் குதிரை முடியால் கட்டச் சொன்னார். இந்தக் காலத்தில் காரைக்காலில் குதிரைக்கு எங்கே போவது? நான் என் பங்குக்கு, “மாத்திரைச் சூடா இருக்கும்க்கா, மோர் குடிங்க” என்றேன். பத்தி எழுதுகிறவள் ஆயிற்றே, கருத்துச் சொல்லாமல் இருக்க முடியுமா?

“டப்பாவுக்குள்ள ஒரு காகிதம் மடிச்சு வெச்சிருப்பானே, அதைப் பாருங்க” என்றார் யாரோ. பார்த்தோம். முழுக்கப் பிரெஞ்சு.

வெளியூர் வாசகர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் பிரெஞ்சில் வருவது வெறும் காகிதம் இல்லை. பென்ஷன் அதில்தான் வரும். நேஷனாலிட்டி அதில்தான் வரும். ‘உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்வதும் அதில்தான். பிரெஞ்சைப் பார்த்தால் சரி என்று தலையாட்டுவது எங்களுக்குத் தலைமுறைப் பழக்கம்.

படிக்க முசே வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். ‘முசே’ என்றால் பிரெஞ்சில் ‘ஐயா’; தெரு கொடுத்த மரியாதை. கண்ணாடியைத் துடைத்தார். காகிதத்தைத் திருப்பி, நேராகப் பக்க விளைவுகளுக்குப் போனார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“தோல்ல கட்டி வரலாம்னு போட்டிருக்கான்ம்மா. சில பேருக்கு அது... தோல் கேன்சராவும் இருக்கலாமாம்.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. தப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

“கேன்சருக்குச் சாப்புடுற மாத்திரை கேன்சரைக் குடுக்குமா? நல்லா இருக்கே கதை!” என்றார் எதிர்வீட்டுக்காரர். “பிரெஞ்சுக்காரன் பொய் எழுத மாட்டான். நிறுத்திடுங்க.”

எல்லோரும் ஆமாம் போட்டோம். அக்கா டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினார். டாக்டருக்கு ஒரு போன்? ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அதுதான் காகிதமே சொல்லிவிட்டதே!

பன்னிரண்டாம் நாள் அக்கா மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. இருமல் திரும்பியிருந்தது. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம்.

கையைப் பார்த்து டாக்டர் பதறவில்லை. பீரோ கதையைக் கேட்டதும்தான் எழுந்து நின்றுவிட்டார்.

“மொத நாளே சொன்னேனேம்மா! தோல்ல ஏதாவது வந்தா உடனே காட்டுங்க, வெட்டி எடுத்துடலாம், நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு!”

சொல்லியிருந்தார். நானும் கூடத்தான் இருந்தேன். ஆனால் பாவம், அவர் தமிழில் அல்லவா சொன்னார்?

“வாய்க்காலை ஒரு எடத்துல அடைச்சா பக்கத்து வரப்புல கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசியுற எடத்துல மண்ணு போடுவீங்களா, அடைச்சதையே புடுங்கி விடுவீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

நாங்கள் பிடுங்கித்தான் விட்டிருந்தோம்.

மரத்துப்போக ஊசி போட்டுக் கட்டியை எடுத்தார்கள். நாலு தையல். டெஸ்டில் அதுவும் தோல் புற்று என்றே வந்தது — ஆனால் எடுத்ததோடு முடிந்துவிட்டது, இனி அவ்வப்போது தோலைக் காட்டிக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். நுரையீரல்தான் அப்படி இல்லை. அங்கே மறுபடி வளர்ந்திருந்தது. மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தாயிற்று. முன்னைப்போலக் கேட்குமா என்றோம். “பார்ப்போம்” என்றார். அந்த ‘பார்ப்போம்’ நாங்கள் அக்காவுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது.

வீடு திரும்பியதும் அக்கா முசேவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“டாக்டரைக் கேக்காம நிறுத்தக் கூடாதுன்னு அதுல எழுதலையா முசே?”

“முன்பக்கத்துல இருக்கும்மா. பெருசாவே போட்டிருக்கான்.”

“அதை ஏன் படிக்கல?”

“அது எல்லா மருந்துலயும் போடுறதுதானேம்மா...”

அக்கா சிரித்தார். இருமல் வந்து நிறுத்தும்வரை சிரித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கையில் வந்ததை அரை மணி நேரத்தில் வெட்டி எடுத்துவிட்டார்கள். எங்களை எடுக்கத்தான் வழியில்லை — நேற்றும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய், ஆலோசனை சொல்லிவிட்டு வந்தோம்.