சாப்பாட்டு ஒயின்

அந்த இரும்புத் துண்டை ஒரு பெரியவர் கைக்குட்டையில் சுற்றிப் பெட்டியில் வைத்து, பிரான்சிலிருந்து பீளமேடு வரை கொண்டுவந்திருந்தார். எங்கள் பட்டறை மேசைமேல் கைக்குட்டையைப் பிரித்தபோது அது இரண்டாக உடைந்து கிடந்தது. உள்ளங்கை நீளம்தான் இருக்கும். என் கணவர் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு வழக்கம்போல என்னிடம் நீட்டினார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம் அது. இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்து, மோட்டார் பம்புகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். மெஷின் வேலை அவருடையது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்திருந்ததால் டிராயிங் வேலை என்னுடையது. வீடு பட்டறைக்கு மேலேயே மாடியில். அடுப்பில் பருப்பு வேகும் நேரத்தில்கூட நான் கீழே வந்து வெர்னியர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

பெரியவரை அழைத்துவந்தவர் என் கணவரின் பள்ளித் தோழர். சென்னிமலையில் பெட்ஷீட் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். அவரிடம் சரக்கு எடுக்க வருடந்தோறும் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி வருவார். அந்த முறை தன் அப்பாவையும் கூட்டிவந்திருந்தார்.

"ஏனுங்க தங்கச்சி, இந்தப் பெரியவரு மூணு நாளா தறியப் பாத்துப் பாத்து சலிச்சுப்போட்டாருங்க. என்னமோ இரும்பு வேலை இருக்குதுன்றாரு. அதான் நேரா இங்க கூட்டியாந்துட்டேன்" என்றார் தோழர்.

பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். தடித்த விரல்கள். நகக்கண்களில் கழுவினாலும் போகாத கருஞ்சிவப்புக் கறை. ஐம்பது வருடமாகத் தன் தோட்டத்துத் திராட்சையில் சிவப்பு ஒயின் செய்கிறவர் என்று மகள் சொன்னார். அவருக்குப் பிரெஞ்சைத் தவிர வேறு பாஷை தெரியாது. அவர் சொல்வதை மகள் இங்கிலீஷில் சொல்வார், நான் கணவருக்குத் தமிழில் சொல்வேன். பதில் அதே வழியில் திரும்பிப் போகும்.

சாக்பீஸ் கேட்டு வாங்கி, தரையில் குந்தி, பழம் பிழியும் தன் பிரஸ்ஸை வரைந்து காட்டினார். மரச் சட்டங்களால் ஆன பெரிய வட்டக் கூடை. நடுவில் இரும்புத் திருகு. மேலே ஒரு பல்சக்கரம். நீளமான கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் சக்கரம் பல் பல்லாக நகர்ந்து, பலகை கீழே இறங்கி, திராட்சையைப் பிழியும். சக்கரம் பின்வாங்காமல் பல்லில் விழுந்து பிடித்துக்கொள்கிற இரும்பு நாக்குதான் உடைந்திருந்தது. அந்த பிரஸ் செய்த கம்பெனி இழுத்து மூடி வெகுகாலம் ஆகிவிட்டதாம்.

கணவர் துண்டின் உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "வார்ப்பிரும்புன்னா உடையத்தானுங்க செய்யும். எஃகுல செஞ்சு குடுத்துட்டா உங்க பேரன் காலத்துக்கும் அசையாதுங்க."

அது இரண்டு பாஷை கடந்து போய்ச் சேர்ந்ததும் பெரியவர் வேகமாகத் தலையாட்டி மறுத்தார். எஃகு வேண்டாம். நாக்கு உடையாவிட்டால் சக்கரத்தின் பல் உடையும். சக்கரம் போனால் பிரஸ்ஸே போச்சு. அதிகமாக அழுத்தினால் முதலில் உடைய வேண்டியது இந்த நாக்குதான்.

கணவரின் முகம் சுருங்கிவிட்டது. நாங்கள் செய்து கொடுத்த பொருள் உடைந்து திரும்பி வந்தால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாத மனுஷன் அவர். "உடையறதுக்குன்னே ஒண்ணு செஞ்சு குடுங்கறாரா? நல்லாக் கேட்டுச் சொல்லு அம்மிணி."

திரும்பவும் கேட்டேன். அதே பதில்தான் வந்தது. இரண்டு பேரும் கைகட்டி நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கண் சுவரிலிருந்த மெயின் போர்டுமேல் விழுந்தது.

"ஃபியூஸ் மாதிரிங்க" என்றேன். "கம்பி தடிமனாப் போட்டா மோட்டார் எரிஞ்சு போயிருமில்லைங்களா? அதைத்தான் சொல்றாருங்க."

கணவர் மெயின் போர்டைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அட, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல! அப்படின்னா ஒண்ணு பத்தாதுங்களே. ஆறா ஊத்திப்போடலாம்." ஆறு என்று விரல்களை விரித்துக் காட்டினார். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கியதில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அன்றே அளவெடுத்து வரைந்தேன். உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதற்கு இடம் விட்டு, மரத்தில் மாதிரி செய்து, இரும்பு வார்க்கும் பவுண்டரிக்குக் கொடுத்தோம். ஐந்தாம் நாள் ஆறு நாக்குகளும் வந்தன. வாங்கிக்கொள்ள வருகிறவர்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம். பெரியவர் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாட்டிலோடு மாடி ஏறி வந்தார்.

எங்கள் ஊரில் ஒயின்ஸ் என்று போர்டு மாட்டிய கடையில் பிராந்தியும் பீரும்தான் விற்கும். அதனால் அந்தச் சொல்லே எங்களுக்கு ஒரு மாதிரிதான். கணவர் எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சாத்தினார். தோழர் அதைப் பார்த்து, "மாப்ள, பெரியவரு சொந்தத் தோட்டத்துப் பழரசம்னு நெனைச்சுக்கோ" என்றார்.

சாப்பாடு ஆவதற்குள் அவர் எப்படிச் செய்கிறார் என்று கேட்டேன். பழத்தை மிதித்துச் சிமென்ட் தொட்டியில் தோலோடு போடுவார்களாம். எதுவும் சேர்க்காமல் அது தானாகப் புளித்துப் பொங்கும். பிறகு பிரஸ்ஸில் பிழிந்து, பழைய பீப்பாயில் குளிர்காலம் முழுக்க விட்டுவிடுவார்கள்.

"இட்லி மாவு பொங்கற மாதிரிங்களா?" என்று கேட்டேன்.

இட்லி மாவு என்றால் என்ன என்று தெரிந்தே ஆகவேண்டும் என்றார் பெரியவர். சமையலறைக்குக் கூட்டிப்போனேன். தைக் குளிருக்காக மாவுப் போசியைப் பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்தேன். மூடியைத் திறந்ததும் குனிந்து மோந்து பார்த்தார். அப்புறம் போசிமேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். குமிழி உடைகிற சத்தத்தைக் கேட்கிறாராம். குளிர் அதிகமான வருடங்களில் அவரும் தொட்டிப் பக்கத்தில் அடுப்பு மூட்டிவைத்து, இப்படித்தான் காது கொடுப்பாராம். எத்தனை வருடமாக நீ இதைச் செய்கிறாய் என்று என்னைக் கேட்டார். கல்யாணமானதிலிருந்து ஏழு வருடம் என்றேன். மரியாதையாகத் தலையசைத்தார்.

அரிசியும் பருப்புஞ் சாதம், நெய், நாட்டுக்கோழிக் குழம்பு. கண்ணாடிக் குவளை எங்களிடம் இல்லை. எவர்சில்வர் டம்ளரை வைத்துவிட்டுக் கூச்சத்தோடு நின்றேன். இதுதான் சரி என்று அவரே எல்லா டம்ளரிலும் கொஞ்சம் ஊற்றினார். இது விருந்து ஒயின் இல்லை, சாப்பாட்டு ஒயின் என்றார்.

கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டில் கொடுக்கும் ஒயின் போல இனிக்கும் என்று நினைத்து ஒரு வாய் குடித்தேன். நாவல் பழத்தைக் கொட்டையோடு மென்றது போல நாக்கு இழுத்துக்கொண்டது. என் முகம் போன போக்கைப் பார்த்து மகள் சிரித்தார். கறியைத் தின்றுவிட்டுக் குடிக்கச் சொன்னார். அப்படிச் செய்ததும் துவர்ப்பு அடங்கி, கோழிக் கொழுப்போடு அது கலந்து, மழைக்குப் பிந்தைய தோட்டத்து வாசம் போல ஒன்று தொண்டையில் நின்றது. பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் டம்ளர் காலியாகிவிட்டது. கணவர் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டபோது ஜன்னலை அவரே திறந்துவிட்டார், புழுக்கமாக இருக்கிறதென்று.

புது பிரஸ் வாங்கிவிட்டால் வேலை சுலபமாகுமே என்று அப்போதுதான் கணவர் கேட்டார். பெரியவர் எலும்பைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார். புது மெஷின் வாங்கினால் அந்தச் செலவை ஒயின் மேல்தான் போட வேண்டும். இப்போது அவர் ஊர் தபால்காரரும் கொத்தனாரும் தினமும் சாப்பாட்டோடு குடிக்கிறார்கள். விலை ஏறினால் அது பட்டணத்து ஓட்டலுக்குப் போய்விடும். தன் ஒயினைக் குடிப்பவர்களைத் தெருவில் பார்க்க முடியாவிட்டால் தனக்குச் செய்யப் பிடிக்காது என்றார்.

"வெலைய ஏத்துனா வீட்டுக்காரங்க வாங்க மாட்டாங்கன்னு சொல்ற நம்ம வெட் கிரைண்டர்காரங்க மாதிரியே பேசறாருங்க" என்றார் தோழர்.

அந்த வருட அறுவடை முடிந்து ஒரு கடிதம் வந்தது. கூடவே ஒரு போட்டோ: பிரஸ் பக்கத்தில் பெரியவர், பின்சுவரில் ஆணிகளில் வரிசையாக ஐந்து நாக்குகள். ஆறாவது வேலையில் இருந்தது. மூன்றாம் வருடம் மகள் வந்தபோது, முதல் நாக்கு உடைந்துவிட்டதாகவும் சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். கணவர் அதைப் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் சரக்கு உடைந்ததற்கு அவர் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அதற்கடுத்த பங்குனியில் பெரியவர் மகளோடு மறுபடியும் வந்தார். இந்த முறை வேலை எதுவும் இல்லை. எங்கள் ஊர்த் திராட்சையைப் பார்க்க வேண்டுமாம். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு பன்னீர்த் திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனோம். தலைக்குமேல் பந்தலில் கறுப்புக் கொத்துகள் தொங்கின. தோட்டக்காரம்மா ஒரு கொத்தை வெட்டிக் கழுவிக் கொடுத்தார். பெரியவர் ஒரு பழத்தை வாயில் போட்டு, கண்ணை மூடி, தோலைத் தனியாக மென்றார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒயினுக்கு ஆகாது என்றார். தண்ணீரும் உரமும் வேண்டிய மட்டும் கிடைத்து, மிகவும் சந்தோஷமாக வளர்ந்திருக்கிறது. நல்ல ஒயினுக்குக் கொஞ்சம் கஷ்டப்பட்ட பழம் வேண்டும்.

அதைத் தோட்டக்காரம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அந்தம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

"கஷ்டமெல்லாம் நாங்க பட்டுக்கறமுங்க. பழம் எதுக்குங்க கஷ்டப்படோணும்? அவரச் சும்மா தின்னச் சொல்லுங்க கண்ணு."

மகள் அதைச் சொல்லி முடித்ததும் பெரியவர் தொப்பியைக் கழற்றி அந்தம்மாவை வணங்கினார். ஒரு கூடைப் பழம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். பேரூர் தாண்டுவதற்குள் பாதிக் கூடை காலி. விதைகளை ஜன்னல் வழியாகத் துப்பிக்கொண்டே, மகள் சொல்லிக் கொடுத்த ஒரே தமிழ்ச் சொல்லை வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்: "நல்லாருக்குங்க, நல்லாருக்குங்க."