ஸ்பெயின்காரர் வரைந்த மிளகுச் செடி

மூன்று வருட வேலையில் ஒரே ஒரு முறைதான், தவறு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தை முடித்துக் கொடுக்கப் பார்த்தேன்.

நான் காமிக்ஸ் பக்கங்களுக்கு ஃப்ளாட்ஸ் போடுகிறேன். கோட்டுப் படத்தில் ஆள், சட்டை, இலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனி நிறத்தால் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு கலரிஸ்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார். அச்சில் என் நிறம் ஒன்றுகூட மிஞ்சாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மலைமேல் திண்ணனூர் நாடு என்கிற எங்கள் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து ஸ்பெயினுக்கு வேலை செய்கிறேன். ஆனாலும் அட்டையில் வருவது படம் வரையும் ஸ்பெயின்காரர் பெயர்தான்.

அவர் பத்திரிகையில் மூன்று கட்டச் சிரிப்புப் படங்களில் தொடங்கியவர். பிறகு போர்க்கதைகள். முப்பது வருடம் கழித்து இப்போது தன் சொந்தக் கதையை வரைகிறார். நான் பத்து முறை அழித்து வரைவதை அவர் ஒரே இழுப்பில் முடித்திருப்பார். பெரிதாக்கிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அந்தப் பக்கத்தில் கதாநாயகன் நம் நாட்டு மலை ஒன்றுக்கு வருகிறான். அங்கே ஒருவர் இடுப்பு உயரச் செடியில் மிளகு பறித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொல்லக் கூடாது. அப்படியே அச்சாகட்டும் என்று செடிக்குப் பச்சை நிரப்பினேன்.

காட்டிலிருந்து வந்த அப்பா திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏங்கண்ணு, இதென்ன கத்திரிச் செடியா? மொளகு கொடின்னு உங்க சாருக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்கப்பா."

"நீ சொல்லலியா?"

"அவரு கேக்கலீங்க."

"கேட்டாத்தான் சொல்லுவயா? அப்பறம் எதுக்குச் சாமி உன்னயப் படிக்க வெச்சது?"

சுருக்கென்றது. கொடி மரத்தில் ஏறுவதையும், அப்பா ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று பறிப்பதையும் வரைந்து அனுப்பினேன். "இந்தக் கட்டத்தை நீயே வரை. உன் பெயரும் போடுவோம்" என்று ஸ்பெயின்காரர் ஆங்கிலத்தில் எழுதினார்.

இரண்டு நாள் வரைந்தேன். ஒரே ஓர் இடத்தில் சிவப்புக் கோட்டுடன் திரும்பி வந்தது. "இவர் பாரம் எங்கே இறங்குகிறது?" என்று கேட்டு, கால் கட்டைவிரல் மூங்கில் கணுவில் அழுந்தி வளைந்திருப்பதுபோல் மாற்றியிருந்தார்.

இரண்டையும் அப்பாவிடம் காட்டினேன். அவர் விரல் ஸ்பெயின்காரரின் கோட்டில் நின்றது.

"இதாங்கண்ணு நானு."

"அப்ப நான் வரைஞ்சது?"

"அதுல... ஏணி நல்லாருக்குது சாமி."

மறுநாள் காலை அப்பா ஏறும்போது கீழே நின்று காலையே பார்த்தேன். விரல் அப்படியேதான் வளைந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த கால். உட்கார்ந்து மறுபடி வரைந்தேன். புத்தகத்தில் இருப்பது அந்தப் படம்தான். உள்பக்கத்தில், சிறிய எழுத்தில், என் பெயரும் இருக்கிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பொறாமை போகாது, எனக்கு இன்னும் போகவில்லை. அதற்காக வாயை மூடிக்கொள்ளாதீர்கள், கண்ணைத் திறந்து வையுங்கள். இப்போதெல்லாம் அவர் பக்கம் வந்தால் நிறம் நிரப்புமுன் கால்களைத்தான் முதலில் பார்க்கிறேன், எங்காவது தவறவிட்டிருக்கிறாரா என்று.