ஆறு ஏறிய மத்தியானம்

கிரெய்கிபர்ன் என்ற ஊரில் உள்ள எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நானும் கணவரும் படுக்கையும் சமையலறையும் உள்ள மோட்டார்ஹோம் வண்டியிலேயே ஊர் ஊராகச் சுற்றி வாழ்கிறோம். வண்டியை எப்போதும் அவர்தான் ஓட்டுவார். அவ்வளவு பெரிய வண்டியைத் தொடவே எனக்குப் பயம்.

ஒருமுறை ஆற்றங்கரை முகாம் ஒன்றில் நாங்கள் மட்டுமே தங்கியிருந்தோம். நல்ல வெயில். சமைத்துக்கொண்டிருந்தபோது வெளியே அவர் அலறும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆற்றின் மேற்பக்கத்தில் எங்கோ பெய்த மழையில் அது கலங்கிப் பெருகி, நாங்கள் உட்காரக் கரையில் போட்டிருந்த கதிரைகளை அடித்துக்கொண்டு போனது. அவற்றைப் பிடிக்கப்போனவர் வழுக்கி விழுந்து, கால் முறிந்து கிடந்தார். போனில் சிக்னல் இல்லை.

என் தோளைப் பிடித்து, வலியில் கத்திக் கத்தி அவர் வண்டிக்குள் ஏறுவதற்குள் தண்ணீர் சில்லுகளைத் தொட்டுவிட்டது.

"இனி வண்டியை நீர்தான் ஓட்ட வேணும்," என்றார்.

"ஐயோ, என்னால ஏலாதப்பா. ரெண்டு பேரும் சாகப்போறம்!"

"ஏலும். பிறேக்கில இருந்து மெல்லக் காலை எடும். பாதையை மட்டும் பாரும்."

அழுதபடியே ஓட்டினேன். சில்லு சேற்றில் சுழன்று, வண்டி ஆற்றுப் பக்கம் சரிந்தது. "நிப்பாட்டிப் போடாதையும்!" என்று கத்தினார். மரமொன்றில் உரசி, பக்கக் கண்ணாடி நொறுங்கி, ஒருவழியாக மேட்டில் ஏறினோம். போனில் சிக்னல் கிடைக்கும்வரை ஓட்டிப்போய், உதவிக்கு அழைத்தேன்.

அவர் கால் குணமாகிவிட்டது. இப்போது ஆற்றோரம் தங்குமுன் மேற்பக்க ஊர்களில் மழையா என்று விசாரிக்கிறோம். மேட்டில்தான், பாதையைப் பார்த்தபடி வண்டியை நிறுத்துகிறோம். பாதி நாட்களில் வண்டியை ஓட்டுவது நான்.