தங்கக்கோட்டுக் கோப்பைகள்

எங்கள் வீட்டில் யாரும் எச்சில் பண்ணிக் குடிப்பதில்லை. தண்ணீரோ காபியோ, அண்ணாந்து வாயில் விட்டுக்கொள்வதுதான் வழக்கம். அப்பா அண்ணாமலையார் கோயிலில் குருக்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஆறு பீங்கான் கோப்பைகள் வந்து சேர்ந்ததற்கு அத்தைதான் காரணம்.

அத்தை அப்பாவின் தங்கை. முப்பத்திரண்டு வயதாகியும் வரன் அமையவில்லை. செங்கம் ரோட்டில் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போவாள். அந்த அம்மாள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது, தன்னிடமிருந்த இரண்டு டீ செட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னாளாம். ஒன்றில் பெரிய பெரிய ரோஜாப்பூ. இன்னொன்று வெறும் வெள்ளை, விளிம்பில் மட்டும் நூல் மாதிரி ஒரு தங்கக்கோடு. அத்தை வெள்ளைக் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பின்னாலிருந்த விரல் நிழலாகத் தெரிந்தது. நகத்தால் சுண்டினால் சத்தம் நின்று அடங்கியது. பூவை விட்டுவிட்டு வெள்ளையை எடுத்துவந்தாள். ரோஜாப்பூவை விட்டுவந்ததில் என் அம்மாவுக்குத்தான் தாளவில்லை.

வாரம் ஒருமுறை அவற்றைக் கழுவுவோம். அப்போது எனக்கு எட்டு வயது. வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி. நார் போட்டுத் தேய்த்தால் தங்கக்கோடு போய்விடும். கோப்பைமேல் கோப்பை அடுக்கக் கூடாது. சாஸருக்கும் சாஸருக்கும் நடுவில் அப்பாவின் பழைய வேஷ்டித் துண்டு. டீ ஊற்றும் முன் கோப்பையை வெந்நீரில் அலசிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் விரிசல் விடும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் டீ ஊற்றவே இல்லை. இதெல்லாம் என் வீட்டுக்கு என்பாள் அத்தை. இதுதானே உன் வீடு என்று கேட்டால் அடுத்த கோப்பையை எடுத்துத் துடைப்பாள்.

ஒருநாள் கழுவும்போதுதான் அந்த ரகசியத்தையும் சொன்னாள். அந்த மண்ணில் மாட்டெலும்பைச் சுட்டுப் பொடி பண்ணிக் கலப்பார்களாம். ஆசையாக எடுத்த பிறகுதான் வெள்ளைக்கார அம்மாள் சொன்னாளாம், திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லையாம். "நெருப்புல போய் வந்துட்டா அப்புறம் என்னடி தோஷம்? விபூதி மட்டும் என்ன, சாணியைச் சுட்டதுதானே?" என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் தலைமேல் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பௌர்ணமிக் கூட்டம் கலைந்த மறுவாரம், அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்களும் குருக்கள் குடும்பம், காஞ்சிபுரம் பக்கம். மாப்பிள்ளைக்குச் சென்னையில் பேங்க் வேலை. டபரா டம்ளரே போதும் என்றார் அப்பா. வாயைத் திறந்து எதையும் கேட்காத அத்தை, அந்தக் கோப்பையில்தான் கொடுப்பேன் என்று அன்றைக்கு ஒருநாள் கேட்டாள். அப்பா விட்டுக்கொடுத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா வழக்கப்படி கோப்பையைத் தூக்கி வாயில் விடப் பார்த்தாள். பாதிக் காபி பட்டுப்புடவையில் வழிந்தது. பிள்ளை சிரித்துவிட்டு, வாய் வைத்தே குடியேன், ஒன்றும் ஆகாது என்றான். அவளும் கொஞ்சம் தயங்கி, வாய் வைத்தே குடித்தாள். என்ன மெல்லிசு என்று கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு பதவிசாக வைத்துக்கொள்கிறாயே என்று அத்தையிடம் சொன்னாள். மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தான். அத்தை சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

இவள் போய்விடுவாள், என் தலையை யார் பின்னுவார்கள், ராத்திரி யார் பக்கத்தில் படுப்பேன்?

"மாமி, அது மாட்டெலும்புல பண்ணினது" என்றேன்.

அந்த மாமி கோப்பையைக் கீழே வைத்தாள். குழந்தை என்ன சொல்கிறது என்று அத்தையைக் கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பச்சைப் பிள்ளை உளறுகிறது என்று எல்லோரும் சிரித்திருப்பார்கள். அத்தை தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்றாள்.

அவர்கள் சண்டை போடவில்லை. மாமி பின்கட்டுக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் வாய் கொப்பளித்தாள். தாம்பூலத்தைத் தொடாமல், கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடிதம் வரவில்லை. விஷயம் மட்டும் எங்கள் ஜனத்துக்குள் ஊர் ஊராகப் போயிற்று. அதற்குப் பிறகு அத்தைக்கு வரனே வரவில்லை. போகக் கூடாது என்று நான் பிடித்து நிறுத்தியவளை அங்கேயே விட்டுவிட்டு, பின்னாளில் கல்யாணமாகிக் கிளம்பிப் போனவள் நான்தான். அதை நினைத்தால் இன்றும் சோறு இறங்காது.

அன்று அவர்கள் போனதும் அப்பா, கோப்பையைப் பிடித்த தன் வலதுகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சுவாமியைத் தொடற கைம்மா இது" என்றார்.

எங்கள் தெருவில் மலைநிழல் சீக்கிரம் விழுந்துவிடும். அந்த நிழலில் உட்கார்ந்து அத்தை ஆறு கோப்பைகளையும் எப்போதும்போல வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்தாள். செங்கம் ரோட்டு வீட்டில் இப்போது குடியிருப்பவர்களிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாக முடிவாகியிருந்தது. அடிக்கப்போகிறாள் என்று பயந்துகொண்டே பக்கத்தில் போனேன். அடிக்கவில்லை.

"உன்கிட்ட மட்டுந்தான்டி சொன்னேன்" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த வீட்டில் இத்தனை பேர் இருக்க, என்னிடம் மட்டும்தானே சொல்லியிருக்கிறாள். அந்தப் பெருமையில், சாஸருக்கு நடுவில் வைக்க வேஷ்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.