சாபம் போட்ட நாலு பாத்தி

வேணும்னே போய் வாங்கிக் கட்டிக்கிட்ட சாபம் என் வாழ்க்கையில அது ஒண்ணுதானுங்க. அதுவும் கொஞ்ச நஞ்சமில்லை, மொத்தமா ஏழெட்டுக் கூடை தேறும்.

அறுபதுகள்ல நடந்தது. நான் கல்யாணமாகி மேட்டுப்பாளையம் ரோட்டுப் பக்கம் தோட்டத்துக்கு வந்தப்ப, பெறந்த ஊட்டுச் சீரா ஒரு செவலை மாடும் கூட வந்துது. மாமனாருக்கு என்னைப் புடிச்சுது, மாட்டைப் புடிக்கலை. தின்னே குடும்பத்தை அழிச்சுரும்னார். "நாலு பாத்தி உடுங்க மாமா, குதிரைமசால் போட்டு நானே தீனி பாத்துக்கறேன்"னு வாயைக் குடுத்துட்டேன். மசால் மாட்டுத்தீனிதான், அறுக்க அறுக்கத் தழைக்கும். "தைப்பொங்கல் நோம்பிக்குள்ள பச்சை கட்டலைன்னா மாடு சந்தைக்குப் போயிரும் அம்மணி"ன்னுட்டார். அவர் சொன்னாச் சொன்னதுதான்.

மசால் மொளைச்சுது, நாலு விரக்கடை வளர்ந்துது, மஞ்சக்காமாலை புடிச்சாப்பல வெளுத்து நின்னுபோச்சு. வரப்புக்கு அந்தப் பக்கம் எங்க பங்காளி தோட்டம். அங்கே மசால் கருகருன்னு நிக்குது. பாத்தா எனக்கு வவுறு எரியாம என்ன பண்ணும்?

விவசாயக் காலேஜ்காரர் ஒருத்தர் பருத்தி பாக்க வந்திருந்தார். அவரைக் கூப்புட்டுக் காட்டுனேன். ஒரு செடியைப் புடுங்கி, "வேர்ல ஒரு மணிகூட இல்லீங்களே"ன்னார். "இந்தச் செடி வேர்ல மணிமணியா முடிச்சு இருக்கும், அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருக குடியிருக்கோணும். அதுக காத்துல இருந்து உரம் எடுத்துச் செடிக்குக் குடுக்கும், செடி அதுகளுக்குச் சோறு போடும். உங்க மண்ணுல அதுக இல்லை. பழைய மசால் காட்டு மண்ணுல நாலு கூடை கொண்டாந்து போடுங்க"ன்னு, வரப்புக்கு அந்தப் பக்கம் கேக்கறாப்பல சத்தமாச் சொல்லிட்டுப் போயிட்டார்.

சொல்றது சுலுவு. கெணத்துத் தண்ணி முறைத் தகராறுல எங்க ரெண்டு ஊட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேச்சு இருந்தாலும் வெளையற காட்டு மண்ணை எவனும் குடுக்க மாட்டான், மண்ணோட லட்சுமியும் போயிரும்பாங்க. திருடறதுக்கு எனக்குத் தெகிரியம் இல்லை. ஆனா எங்க பக்கம் பொம்பளைக கோவம் வந்தா என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். காலடி மண்ணை ரெண்டு கையிலும் வாரித் தூத்திச் சாபம் உடுவாங்க.

அடுத்த நாள் வரப்போரம் நின்னுக்கிட்டு, "உங்க கோழி எங்க பாத்தியைக் கெளறுது"ன்னு பங்காளி சம்சாரத்துகிட்ட ஆரம்பிச்சேன். எனக்கு அவங்க அக்கா முறை. கோழி என்னமோ கவுத்த கூடைக்குள்ளதான் கெடந்துது. அக்கா சாதுவா "இல்லையே அம்மணி"ன்னாங்க. இது ஆவறதில்லைன்னு, "உங்கூட்டு மோரு வெறுந்தண்ணியாமே, ஊரே சொல்லுது"ன்னேன். அவ்வளவுதான். "உன் காடு பொட்டலாப் போவ"ன்னு வாரித் தூத்துனாங்க பாருங்க, மண்ணு சும்மா ஜம்முன்னு என் பாத்தியிலயே வந்து உழுந்துது.

தெனமும் பொழுது சாய ஒரு சண்டை. அவங்க உள்ளே போனதும் மண்ணைப் பரத்தி, கொத்திட்டுத் தண்ணி உடுவேன். அஞ்சாம் நாள்ல இருந்து செடியே வேரோட வந்து உழுந்துது. இத்தனை கோவமான்னு எனக்கே பாவமாப் போச்சு. அந்த வேரைப் பாத்தா, கம்பு அளவுல மணிமணியா இருந்துது. நசுக்கினா உள்ளே ரோஸ் கலரு.

தைநோம்பிக்கு முன்னாலயே வரப்போரம் பச்சை கட்டி, அப்புறம் நாலு பாத்தியும் ஏறிருச்சு. மாமனார் வந்து பாத்தார். சந்தைக்குக் கவுறு எடுத்து வெச்சிருந்தவர் அதைத் திரும்ப ஆணியில மாட்டுனார்.

மாசியில மாடு கன்னு போட்டுது. மனசு கேக்காம, சீம்பால் ஒரு சொம்பு எடுத்துட்டு வரப்புக்குப் போனேன். அக்கா வாங்கிக்கிட்டாங்க. "மோரைப் பத்திச் சொன்னதுக்கு மன்னிச்சுருங்கக்கா"ன்னேன், அழுகையே வந்துருச்சு.

"நாலு நாள் நெசமாவே வவுறெரிஞ்சுதான் தூத்துனேன்"னாங்க. "அப்புறந்தான் பாத்தேன், திட்டு வாங்குனவ அழுகாம களைக்கொத்தை எடுக்கறா. காலேஜ்காரர் சொன்னதும் காதுல உழுந்துதே."

"தெரிஞ்சும் ஏனுங்கக்கா தூத்துனீங்க?"

"மண்ணைக் குடுத்தா எங்கூட்டுக்காரர் கொன்னேபோடுவார். தூத்தறதுக்கு ஆரைக் கேக்கோணும்?" சொம்பைச் சீலைத் தலைப்புல மூடிக்கிட்டு ஊட்டுப் பக்கம் ஒரு பார்வை பாத்தாங்க. "வெறும் மண்ணு போதாதுன்னுதான் வேரோட புடுங்கித் தூத்துனேன். அது நல்லாப் புடிச்சுதா அம்மணி?"