மொட்டை மாடியில் வந்த குமிழிகள்

காற்றுக் குமிழியை ஹைட்ரஜன் என்று நம்பி, அதைக் காட்ட மொட்டை மாடிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போனவன் நான். கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம் வாங்கியவன் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு சின்ன லேபில் இருந்தேன். மின்சாரம் கடத்தும் பாலிமரைக் கண்ணாடியில் மெல்லிய ஃபிலிமாகப் படியவைத்து, அமிலத் தண்ணீரில் நிறுத்தி வெயில் காட்டினால் ஹைட்ரஜன் வர வேண்டும். வந்ததென்னவோ துளியூண்டு கரண்ட்தான். அதைப் பொறுமையாக அளந்து கிராஃப் போட்டவள் எங்கள் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் எழிலரசி. ஒக்கலிபுரத்தில் அவள் வீடே அவள் சம்பளத்தில் ஓடியது. ப்ராஜெக்ட் நீடித்தால்தான் அவளுக்கு வேலை.

ரிவ்யூ கமிட்டி வருவதற்கு முந்தின நாள், வெயிலில் வைத்த ஃபிலிம் முழுக்க முத்து முத்தாகக் குமிழி.

"எழில், பாரும்மா! இனிமே சிவாஜிநகர் பஸ்ஸுக்கு டீசல் வேணாம், ஒரு சொம்புத் தண்ணி போதும்!"

சிரித்தாள். பிறகு தன் பெங்களூர்த் தமிழில் சொன்னாள்: "சும்னே குமிழியப் பாத்துட்டு ஹைட்ரஜன்னு சொல்லாதீங்க சார். என்ன கேஸ்னு டெஸ்ட் பண்ணிடலாம். பிளாங்க்கூட வெக்கலையே?"

பிளாங்க் என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும், ஃபிலிம் இல்லாத வெறும் கண்ணாடி.

"பொண்ணு மணமேடைக்கு வந்தாச்சு, நீ இப்பப் போய் ஜாதகம் கேக்கறே! உன் கிராஃபையும் ரிப்போர்ட்லேர்ந்து எடுத்துடு, கமிட்டிக்குத் தூக்கம் வரும்."

மறுநாள் மாடியில் குமிழி வந்தது. என் ஜோக்குக்குக் கமிட்டியும் சிரித்தது, ஒரு வயதான புரொபசரைத் தவிர.

"வெறும் கண்ணாடி ஒண்ணு உள்ள விடுங்க."

விட்டேன். அதிலும் அதே முத்து.

"தண்ணி எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"ஃப்ரிட்ஜ்லேர்ந்து சார். சூடு பட்டா ஃபிலிம் உரிஞ்சுடும்னு..."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஜில்லென்ற தண்ணீரில் கரைந்திருந்த காற்று, வெயில் பட்டதும் வெளியே வருகிறது.

"எழில் அளந்த கரண்ட் டேட்டா இருக்கு சார்" என்றேன்.

"இனிமே நீங்க எதக் காட்டினாலும் நம்பத் தோணாதுப்பா."

ப்ராஜெக்ட் அத்தோடு முடிந்தது. புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மனதுக்குப் பிடித்த ரிசல்ட் வந்தால், முதலில் பிளாங்க் வையுங்கள்.

எழிலின் கடைசி நாளில், நிலைமையைச் சமாளிக்க ஒரு ஜோக் அடித்தேன். அவள் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"இவ்ளோ நாளா உங்க ஜோக்குக்கெல்லாம் சிரிச்சது இந்த வேலைக்காகத்தான் சார். இனிமே அவசியமில்ல."